தீபா கேட்ட வெறுஞ்சுவர்

"உங்க ஸ்டைல் என்ன மேடம்?"

தி.நகரில் ஒரு இன்டீரியர் ஷோரூம். ஏசி குளிரில் புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, கையில் டேப்லெட்டோடு வந்த அந்தப் பெண் என்னைத்தான் கேட்டாள். என் புடவையைப் பற்றி விசாரிக்கிறாள் என்று நினைத்து, "இது கோ-ஆப்டெக்ஸ்மா" என்று சொல்லிவிட்டேன்.

அவள் கேட்டது ஹாலின் ஸ்டைலை!

எங்கள் வீட்டு ஹாலுக்கு ஸ்டைலா? ஃப்ரிட்ஜ் அங்கேதான். மழை பெய்தால் துணி காயும் ஸ்டாண்டும் அங்கேதான். யார் கொடுத்தார்கள் என்றே ஞாபகம் இல்லாத கல்யாணப் பரிசுக் கடிகாரங்கள், பேரனின் காற்றுப் போன சைக்கிள்… "வேற எங்க வைக்கிறது, இங்கயே வை" — அதுதான் எங்கள் ஸ்டைல். உங்கள் வீட்டிலும் அதே கதைதானே?

நல்லவேளை, அன்று போனது என் ஹாலுக்காக இல்லை. என் அண்ணன் மகன் அருணும் அவன் மனைவி தீபாவும் மந்தைவெளியில் ஒரு பழைய ஃப்ளாட்டை வாங்கியிருந்தார்கள். ஹாலை மட்டும் நான்தான் செய்து தருவேன் என்று அண்ணன் ஒற்றைக்காலில் நின்றார்.

அருணுக்கும் தீபாவுக்கும் காது கேட்காது. இரண்டு பேருக்கும் பிறவியிலிருந்தே. அருண் சின்ன வயதில் பேச்சுப் பயிற்சிக்குப் போனவன். நாம் நிதானமாகப் பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வான். அவன் பேசுவது பழகியவர்களுக்குப் புரியும். வங்கி வேலை. தீபா ஆதம்பாக்கத்துப் பெண், ஐ.டி. கம்பெனியில் டெஸ்டிங் பார்க்கிறாள். அவள் அப்பா, அம்மாவுக்கும் காது கேட்காது. அதனால் பிறந்ததிலிருந்து அவள் தாய்மொழியே சைகை மொழிதான்.

எனக்கு? 'சாப்பிட்டியா', 'நல்லா இருக்கியா', 'மழை வருது'. அவ்வளவுதான். மிச்சத்தை வாட்ஸ்அப் பார்த்துக்கொள்ளும்.

அண்ணனுக்கு தி.நகரிலேயே பாத்திரக்கடை. கடைச் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசி, வீட்டிலும் மைக் பிடித்த மாதிரிதான் பேசுவார். ஹால் விஷயத்தில் அவருக்கு இருந்தது வெறும் ஆசை இல்லை, வைராக்கியம். அருணின் கல்யாணப் பந்தியில் சொந்தக்காரர்கள் சிலர், "ரெண்டு பேருமே இப்படின்னா எப்படிப்பா குடித்தனம் நடத்துவாங்க?" என்று பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்துவிட்டது. ரசம் வேண்டுமா என்று கேட்கப் போனவர், கேட்காமலே திரும்பி வந்துவிட்டார்.

"வந்து பாக்கட்டும் பாப்பா. எம்புள்ள வீட்டு ஹாலைப் பாத்து எல்லாரும் அசந்து போகணும்."

எனக்கு அறுபது நெருங்குகிறது. அண்ணனுக்கு நான் இன்னும் பாப்பாதான்.

டிசைனர் பெண்ணின் பெயர் ஸ்வேதா. துறுதுறுவென்று இருந்தாள். ஒவ்வொரு படமாகத் தள்ளித் தள்ளிக் காட்டினாள்.

மினிமலிஸ்ட். "என்னம்மா இது, வீட்டைக் காலி பண்ணிட்டுப் போன மாதிரி இருக்கு?" — இது அண்ணி.

இண்டஸ்ட்ரியல். "சுவத்தைப் பூசாம விட்டுட்டாங்களா?" — இது அண்ணன்.

செட்டிநாடு வந்தது. அண்ணியின் கண்கள் விரிந்தன. அதில் ஹாலையும் சமையலறையையும் பிரிக்கிற மாதிரி பூவேலை செய்த மரத்தடுப்பு ஒன்று நின்றிருந்தது. "இது வேணும். வாசக்கதவைத் திறந்தா அடுப்பு தெரியக்கூடாது." அடுத்தது ட்ராபிகல். சுவர் முழுக்க ஆளுயர வாழை இலை வால்பேப்பர். அண்ணன் எழுந்தே நின்றுவிட்டார். "இதான்! பச்சைப் பசேல்னு… உள்ள வர்றவன் வாயைப் பொளந்துருவான்!"

"சூப்பர் அங்கிள், ரெண்டையும் சேர்த்து ஃப்யூஷன் பண்ணிடலாம்" என்றாள் ஸ்வேதா. வீட்டுக்காரர் ஒன்று, வீட்டுக்காரி ஒன்று கேட்டால் அதற்குப் பெயர் ஃப்யூஷன் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

தீபா ஒவ்வொரு படத்துக்கும் அருணைப் பார்த்து விறுவிறுவென்று கைகளால் ஏதோ சொன்னாள். புருவம், தோள், விரல் எல்லாம் சேர்ந்து பேசின. நீளமாகத்தான் சொன்னாள். அருண் எங்கள் பக்கம் திரும்பி ஒரே வார்த்தையில் முடித்தான்.

"பிடிக்கலையாம்."

அடுத்த படம். மறுபடி அவள் நீளமாகச் சொல்ல, அவன் மறுபடி, "பிடிக்கலையாம்."

அப்புறம் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். தீபாவிடம் சைகையில் ஏதோ கெஞ்சினான். அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். அதற்குப்பின் அந்தக் கைகள் அசையவே இல்லை.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அண்ணி பொருமித் தள்ளினார்.

"எதைக் காட்டினாலும் வேணாம் வேணாம்னா எப்படி? அருண்கிட்ட விசாரிச்சேன், அவ கேக்கறது என்னன்னு தெரியுமா? வெறுஞ்சுவர். ஒரு கலர் அடிச்ச வெறுஞ்சுவர்! அதுக்கு எதுக்குடி டிசைனர்? வந்து ஒரு வருஷம்கூட ஆகல, மாமியார் கேட்ட எதுவும் பிடிக்கலை அவளுக்கு."

அண்ணிக்கும் மருமகளுக்கும் நடுவே வாயைத் திறக்கிற அளவுக்கு எனக்குத் தைரியம் கிடையாது.

வேலை ஆரம்பித்தது. பிள்ளைகள் இரண்டு பேரும் ஆபீஸ் போய்விட, அண்ணன் சாவியை வாங்கிக்கொண்டு தானே நின்று செய்தார். மரவேலைக்கு ராயப்பேட்டை பாஷா பாய் — அண்ணன் கடைக்கு ஷெல்ஃப் எல்லாம் செய்தவர். மரத்தடுப்பு வந்தது. வாழை இலை ஒட்டியாயிற்று. கூரையில் மஞ்சளாக ஒளிரும் குட்டிக் குட்டி விளக்குகள். டி.வி.யைப் பார்த்தபடி நீளமாக ஒரு சோபா. நடுவே கண்ணாடி டீப்பாய், அதன்மேல் அண்ணன் கடையிலேயே பெரிதான பித்தளைக் குடம், அதில் நிமிர்ந்து நிற்கும் தாழம்பூ மாதிரியான ஏதோ காய்ந்த பூ. சும்மா சொல்லக்கூடாது — பத்திரிகைப் படம் மாதிரி இருந்தது. நானே நாலு கோணத்தில் போட்டோ எடுத்து என் தங்கைக்கு அனுப்பினேன்.

பால் காய்ச்சுவதற்கு முந்தின சனிக்கிழமை. மாலை வெயில் பால்கனி வழியாக ஹாலுக்குள் நீளமாக விழுந்துகொண்டிருந்தது. அருண், தீபாவின் நண்பர்கள் வீட்டைப் பார்க்க வந்திருந்தார்கள். எல்லாரும் காது கேளாதவர்கள். அண்ணன், அண்ணி, நான் மூன்று பேரும் உபசாரத்துக்கு. அண்ணி தடுப்புக்குப் பின்னால் வாழைக்காய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார்.

வந்தவர்கள் இலையைப் பார்த்தார்கள், தடுப்பைத் தடவிப் பார்த்தார்கள், இரண்டு கைகளையும் உயர்த்தி ஆட்டினார்கள். அவர்கள் கைதட்டல் அது. அண்ணன் முகம் பூரித்துப் போனது.

சோபாவில் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஓரத்தில் இருந்தவன் பேச, அடுத்த ஓரத்தில் இருந்தவள் எம்பி எம்பிப் பார்த்தாள். நடுவில் இருந்த பெண் குடத்தைச் சுற்றி எட்டிப் பார்த்தாள். ஒருவன் இலைச் சுவருக்கு முன்னால் நின்று ஏதோ சொல்ல, எதிரே இருந்தவர்கள் கண்ணைச் சுருக்கி, 'இன்னொரு தடவை சொல்லு' என்று சைகை காட்டினார்கள். இதெல்லாம் அப்போது எனக்கு உறைக்கவில்லை. புது வீட்டுக் கூச்சம் என்றுதான் நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஒருத்தன் எழுந்து வெளியே போனான். அப்புறம் இரண்டு பேர். அப்புறம் எல்லாரும்.

அண்ணி தட்டு நிறைய பஜ்ஜியோடு வந்து பார்த்தால், ஹாலில் நானும் அண்ணனும் மட்டும்.

"எங்க போனாங்க எல்லாரும்?"

"தெரியலையே… ஏசி பத்தலையா?" என்றார் அண்ணன்.

"ஏசியும் இல்ல, ஒண்ணும் இல்ல. மருமகளுக்கு இந்த ஹால் பிடிக்கல. அதான் கூட்டிட்டுப் போயிட்டா." அண்ணியின் குரல் உடைந்தது.

அண்ணன் விருட்டென்று எழுந்து போனார். என்ன ஆகுமோ என்று பின்னாலேயே ஓடினேன்.

எல்லாரும் லிஃப்ட்டுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள். நாம் லிஃப்ட்டுக்குக் காத்திருக்கும்போது தவிர ஒரு நிமிடம்கூட நிற்காத இடம். அடித்து எத்தனையோ வருஷமான மங்கல் நீலச் சுவர். தலைக்கு மேலே ஒரு நீளமான ட்யூப்லைட். அங்கே வட்டமாக நின்றுகொண்டு… அடேயப்பா! என்ன பேச்சு, என்ன சிரிப்பு!

நடுநாயகமாகத் தீபா. அவளுடைய மேனேஜர் மாதிரி நடந்து காட்டுகிறாள், காபி மிஷினாக மாறுகிறாள், அடுத்த நொடி அந்த மிஷினோடு சண்டை போடும் பெரிய மனிதராகிறாள். சைகை தெரியாத எனக்கே கதை புரிந்து சிரிப்பு வந்துவிட்டது. நண்பர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் காலை உதைத்துச் சிரித்தார்கள்.

அசோக் நகரில் அண்ணன் வீட்டில், மாமனார் மாமியார் முன்னால் அமைதியாகத் தட்டைப் பார்த்துச் சாப்பிடும் அந்தத் தீபாவா இவள்?

அண்ணன் கோபமாகத்தான் போனார். போனவர் அப்படியே நின்றுவிட்டார். கடையே அதிரப் பேசுகிற மனிதருக்குக் குரல் வரவில்லை.

அருண் அவரைப் பார்த்துவிட்டான். பதறி வந்தான்.

"ஏன்டா இங்க நிக்கிறீங்க? உள்ளே என்னடா குறை?"

அருண் தயங்கினான். பிறகு தன் குரலில், ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான்.

"அப்பா… இலைக்கு முன்னாடி… கை தெரியலப்பா. கை ஆடுதா, இலை ஆடுதான்னு… கண்ணு தேடுது. வலிக்குது."

எனக்குச் சுரீரென்றது. நாம் பேசும்போது பக்கத்தில் மிக்ஸி ஓடினால் எப்படி இருக்கும்? அவர்களுக்கு அந்தச் சுவர் முழுக்க மிக்ஸி ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

"இதை அன்னைக்கே சொல்றதுக்கு என்னடா?"

"தீபா சொன்னா. கடையில… எல்லாத்தையும் சொன்னா. நான்தான் 'பிடிக்கலையாம்'னு சொல்லிட்டேன். நீங்க… ஆசையா இருந்தீங்க."

அண்ணன் அருணைப் பார்த்தார். பிறகு மருமகளைப் பார்த்தார். "அவளை உள்ள வரச்சொல்லு" என்றார். "திட்டறதுக்கு இல்லடா. கேக்கறதுக்கு."

அடுத்து நடந்ததைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று இத்தனை நாளாகக் காத்திருந்தேன்.

தீபா உள்ளே வந்தாள். பயந்துதான் வந்தாள். "நீ சொல்லும்மா. ஹால் எப்படி இருக்கணும்?" என்று அண்ணன் கேட்டதை அருண் சைகையில் சொன்னதும், ஒரு நிமிடம் நம்பாத மாதிரி நின்றாள். அப்புறம் மாமனாரின் கையைப் பிடித்து அழைத்துப் போய், பால்கனிக்கு முதுகு காட்டி ஒரு நாற்காலியில் உட்கார வைத்தாள். எதிரே போய் மொபைலில் ஒரு போட்டோ எடுத்தாள். கொண்டுவந்து காட்டினாள்.

படத்தில் பின்னால் ஒரே வெளிச்சம். அண்ணனின் முகம் இருந்த இடத்தில் கன்னங்கரேலென்று ஒரு உருவம்.

அவள் கைகள் பேசின. இந்த முறை அருண் ஒரு வார்த்தையைக்கூட விழுங்கவில்லை. "இங்க உக்காந்தா உங்க முகம் எனக்கு இப்படித்தான் தெரியும் மாமா. நீங்க சிரிக்கிறீங்களா, கோவமா இருக்கீங்களான்னு தெரியாது."

குடத்தைத் தூக்கிக் கீழே வைத்தாள். நீளமாக உட்கார்ந்தால் ஓரத்தில் இருப்பவர் பேச்சை விட்டே போய்விடுவார், வட்டமாக உட்கார வேண்டும் என்றாள். மஞ்சள் குட்டி விளக்கு முகத்தில் நிழல் போடுகிறது என்றாள். ஆதம்பாக்கத்தில் தன் அப்பா அம்மா வீட்டில் எல்லாமே இந்தக் கணக்கில்தான் இருக்கும் என்றாள். கடைசியாக மரத்தடுப்பைக் காட்டினாள். அங்கே மட்டும் தயங்கினாள். அண்ணியைப் பார்த்தாள்.

"அத்தை கோவிச்சுக்க மாட்டாங்களே" என்றான் அருண், அவளுக்காக. "உள்ள சமைக்கும்போது இது மறைக்குது. இங்க யார் வந்தாலும், என்ன பேசினாலும் எனக்குத் தெரியாது. சிரிச்சா, ஏன் சிரிக்கிறாங்கன்னு தெரியாது. நான் மட்டும் தனியா இருப்பேன்."

அண்ணி கையில் இன்னும் பஜ்ஜித் தட்டு. தட்டை டீப்பாயில் வைத்தார்.

"எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது" என்றார் மெதுவாக. "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அடுப்படியிலேர்ந்து 'என்ன சிரிப்பு அங்க?'ன்னு கத்திட்டுத்தான் இருக்கேன். இன்னிக்கி வரைக்கும் ஒருத்தராவது பதில் சொல்லியிருக்கீங்களா?"

அண்ணன் தரையைப் பார்த்தார்.

"எடுங்க அந்த மரத்தை" என்றார் அண்ணி.

திங்கட்கிழமை வந்த பாஷா பாய் தலையில் கைவைத்துக்கொண்டார். "இன்னா சார் இது! இப்பத்தானே மாட்டிக் குடுத்தேன்? பாலிஷ் வாசனகூட இன்னும் போவல!" ஆனால் எதற்காக என்று அண்ணன் சொன்னதும், பேசாமல் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிட்டார். வாழை இலையை அண்ணன் தன் கையாலேயே கிழித்தார். பால் மட்டும் குறித்த நாளில், அரையும் குறையுமாக இருந்த வீட்டில் காய்ச்சினோம். விருந்தைத் தள்ளிப்போட்டோம்.

ஸ்வேதாவையும் பாராட்டத்தான் வேண்டும். கோபித்துக்கொண்டு போயிருக்கலாம். அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆதம்பாக்கத்துக்கே போய், தீபாவின் பெற்றோர் வீட்டில் பாதி நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தாள். "மேடம், காலேஜ்ல எனக்கு யாருமே இதைச் சொல்லித் தரல" என்றாள். பழைய ப்ளானை அழித்துப் புதிதாக வரைந்தாள்.

சுவருக்கு என்ன நிறம்? அதுதான் பெரிய கேள்வி. பெயின்ட் கடை அட்டையில் விரல் நகம் அளவு கட்டத்தைப் பார்த்து என்ன தெரியும்? அண்ணி ஒரு யோசனை சொன்னார். அசோக் நகர் வீட்டுப் பீரோவைத் திறந்து, பார்டர் தவிர வேறு வேலைப்பாடே இல்லாத புடவைகளாகப் பொறுக்கி ஒரு மூட்டை கொண்டுவந்தார். ஒவ்வொன்றாக நானும் அவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துச் சுவரில் விரிக்க, அதன் முன்னால் அருண் நின்று சைகையில் பேச, தீபா எதிர்ச் சுவரோரம் நின்று பார்த்தாள்.

மாம்பழ மஞ்சள் — கை கலந்துவிடுகிறது, வேண்டாம். அரக்கு — கண்ணைக் குத்துகிறது. பட்டு எதுவுமே வேண்டாம், பளபளக்கிறது. கடைசியில் அண்ணி வீட்டில் கட்டிக் கட்டி நைந்துபோன ஒரு கரும்பச்சைக் காட்டன் புடவை. அருண் கையைத் தூக்கியதும் தீபா துள்ளிக் குதித்தாள். ஓடிவந்து அண்ணியைக் கட்டிக்கொண்டாள்.

"கிழிஞ்ச புடவைடி அது!" என்று அண்ணி வெட்கப்பட்டார். ஆனால் பெயின்ட் கடைக்கு அதைத் தானே கொண்டுபோய், அதே நிறம் வரும்வரை கலக்க வைத்து, நின்று வாங்கிவந்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை விருந்து.

அந்த ஹாலை நீங்கள் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் முழுக்கக் கரும்பச்சைச் சுவர். அதில் ஒரு படம் இல்லை, ஆணிகூட இல்லை. அதன் முன்னால் யார் நின்றாலும் முகமும் கையும் பளிச்சென்று தெரிகின்றன. பாஷா பாய் செய்த வளைந்த இருக்கைகள், நடுவே முழங்கால் உயரத்துக்கு மேல் எதுவும் இல்லை. பால்கனிக்கு மெல்லிய திரை. வெளிச்சம் எல்லா இடத்திலும் ஒரே சீராக விழுகிறது. மரத்தடுப்பு இருந்த இடம் அகலமாகத் திறந்தே இருக்கிறது. தோசை திருப்பிக்கொண்டே ஹாலில் நடப்பதைப் பார்க்கலாம். அழைப்பு மணியை அழுத்தினால் சத்தம் வராது, விளக்கு மினுங்கும்.

சாப்பாட்டுக்கு முன்பு, கல்யாணப் பந்தியில் அப்படிப் பேசியவர்களில் ஒருவரான எங்கள் சித்தப்பா வந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். "டி.வி.யைக் காணோமே?" என்றார்.

"பெட்ரூம்ல இருக்கு சித்தப்பா. இங்க பேசறதுக்கு" என்றேன்.

பேசவா? நம் வீட்டு ஹால்களில் எல்லாரும் பஸ்ஸில் உட்கார்ந்த மாதிரி ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு, டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமலே "ம்… சொல்லு" என்கிறோமே, அதற்குப் பெயரும் பேச்சுதானா? அந்த வட்டத்தில் உட்கார்ந்தால் தப்பிக்க முடியாது. எதிரே ஒரு முகம் இருக்கிறது, அது உங்களையே பார்க்கிறது. மொபைலை எடுத்த சித்தப்பா, எல்லார் கண்ணும் தன் மேல் இருப்பதைக் கண்டு பையில் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அருண் வேலை பார்க்கும் வங்கியைப் பற்றி அவனிடமே விசாரிக்க ஆரம்பித்தார். முதல் முறையாக, அவன் அப்பாவிடம் இல்லை, அவனிடமே.

அழகான ஹால்கள் எத்தனையோ பார்த்துவிட்டேன். 'நம்ம வீட்டுக்கு வர்றவங்க என்ன நினைப்பாங்க' என்று செய்தவைதான் அவற்றில் பாதி. அங்கே வாழப்போகிறவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டுச் செய்த ஹாலை அன்றைக்குத்தான் பார்த்தேன். அதைக் கேட்டு வாங்கிய அந்தப் பெண்ணையும், கேட்டதும் தன் கையாலேயே இலையைக் கிழித்த மனிதரையும், பீரோவைத் திறந்த மாமியாரையும் நினைத்தால் பெருமையாக இருக்கிறது.

அண்ணன் இப்போது தீபாவிடம் சைகை மொழி கற்றுக்கொள்கிறார். கைகளை அகல விரித்து, காற்றை வெட்டுகிற மாதிரி… கையாலும் சத்தமாகத்தான் பேசுகிறார் மனிதர்.

விருந்து முடிந்து, பாயசக் கிண்ணத்தோடு வட்டத்தின் நடுவே நின்று நான் யாரிடமோ கதையளந்துகொண்டிருந்தேன். பின்னாலிருந்து அண்ணனின் குரல் வந்தது.

"பாப்பா, கொஞ்சம் தள்ளு. மருமக பேசிட்டிருக்கா… நீ மறைக்கிறே."

தள்ளி நின்றேன். ஒருவர் என்னை நகரச் சொல்லி, எனக்கு இவ்வளவு சந்தோஷம் வந்தது அன்றைக்குத்தான்!